ஏழாம் பானையின் தகப்பன்

எங்கள் வளவில் சோறு காய்ச்சும் பானை இரண்டு, மீன் வளர்க்கும் பானை பதினொன்று. வேலியோரம் பூவரசு நிழலில் அவற்றை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் கழுத்திலும் சுண்ணாம்பால் இலக்கம் எழுதியிருந்தாள் என் தங்கை. உள்ளே இருந்தது விராலும் அல்ல, கணையானும் அல்ல. வாவியோரப் புல்லுக்குள் கூட்டமாய்த் திரியும், விரல் நீளம்கூட இல்லாத ஒரு மீன். ஊரில் அதற்குத் தனிப் பேரே கிடையாது, பொடிமீன் என்பதோடு சரி. சொதிக்கும் உதவாது, பொரியலுக்கும் உதவாது.

தங்கையின் பேர் சீதேவிப்பிள்ளை. கம்பஸில் விலங்கியல் படிப்பிக்கிறவளுக்கு இப்படிப் பழைய காலத்துப் பேரா என்று மாணவர்கள் சிரிப்பார்களாம். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். நான் புஸ்பம், அவளுடைய அக்கா, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு ஆசிரியை. நான் இதை எழுதுவது அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் விஞ்ஞானம் பிழை என்று சிவப்புப் பேனாவோடு வந்து நிற்பாள்.

அந்த மீனிடம் ஒரு குணம் உண்டு. பெண்மீன் விடியற்காலையில் முட்டை இட்டவுடன் கீழே விட்டுவிடாது. ஒரு குலையாய் வயிற்றின் அடியில் தொங்கவிட்டுக்கொண்டு சுமந்து திரியும். முட்டை முழுக்கக் கண்ணாடி. உள்ளே கண் வருவதும் இதயம் துடிப்பதும் வெளியிலிருந்தே தெரியும். கம்பஸ் பஸ் வரும் நேரத்துக்கு அந்தக் குலை புல்லில் ஒட்டிவிடும் என்பதால்தான் ஆராய்ச்சியை எங்கள் வளவுக்குக் கொண்டுவந்தாள். விடியுமுன் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பானை பானையாகக் குனிந்து திரிவாள். கலியாணம் பேச வந்த ஒரு வீட்டார் அந்தக் கோலத்தைக் கண்டு வந்த வழியே திரும்பிப் போன கதையும் உண்டு. அதைச் சொன்னால் அவளுக்குக் கோபம் வராது, எனக்குத்தான் வரும்.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"இந்தப் பொடிமீன்ட முட்டைக்குள்ள என்னத்தக் கா தேடுறாய்?"

"விதானைமாரத் தேடுறன் அக்கா," என்றாள்.

வாவிக்கு மேற்கே, வயல் சூழ்ந்த எங்கள் படுவான்கரையில் பிறந்தவர்களுக்கு வட்டைவிதானையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வயல்வெளிக்கு அவர்தான் பொறுப்பு. அவர் உழமாட்டார், விதைக்கமாட்டார். எந்த வாய்க்காலை எப்போது திறப்பது, எதை அடைப்பது என்று சொல்வார். அவர் சொல் பிழைத்தால் ஒரு போகமே பிழைத்துப் போகும். முட்டைக்குள் உருவாகும் கருவான முளையத்துக்குள்ளும், ஜீன் எனப்படும் சில பரம்பரையலகுகள் அப்படித்தானாம். அவை தாமே கண்ணையும் காதையும் செய்வதில்லை. செய்கிற பரம்பரையலகுகளைத் திறந்துவிடவும் மூடிவிடவும் ஆள் அனுப்பும். அனுப்பப்படுகிற அந்தப் புரதத்துக்குப் பேர் பிரதியெடுத்தற் காரணி. பேர் வாய்க்குள் நுழையாததால் நானும் விதானை என்றே வைத்துக்கொண்டேன்.

அப்படிப்பட்ட விதானைகளின் ஒரு குடியைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள். பாக்ஸ் குடி. எல்லாரும் ஒரே பழைய தாயிடமிருந்து பிரிந்தவர்கள், மனிதரிலும் இருக்கிறார்கள், ஈயிலும் இருக்கிறார்கள். மீன்கள் பரம்பரை பரம்பரையாய் மாறிக் கூர்ப்படைந்து வந்த வழியில், எண்ணிப் பார்க்க முடியாத காலத்துக்கு முன், ஒரு தரம் பரம்பரையலகுகளைச் சுமக்கும் நிறமூர்த்தங்கள் முழுவதுமே இரட்டித்துவிட்டனவாம். அதனால் நமக்கு ஒரு விதானை உள்ள வேலைக்கு மீன்களுக்குப் பல இடங்களில் இரண்டு விதானை. இரண்டாவது ஆள் பெரும்பாலும் பழுதாகி மறைந்துபோவார். சிலர் மட்டும் போகாமல் நின்றுவிடுகிறார்கள்.

"வேலையில்லாம இரிக்கிறவருக்கு ஆரு கா இவ்வளவு காலம் சோறு போட்ட?"

"அதத்தான் அக்கா நானும் கேக்கன். அதுதான் என்ட ஆராய்ச்சி."

வெவ்வேறு வயது முளையங்களைக் குப்பியில் இட்டு, மருந்தூற்றி வளர்ச்சியை நிறுத்துவாள். பிறகு கம்பஸ் ஆய்வுகூடத்தில் அவற்றுக்கு ஒரு சாயம். விதானை வேலை செய்துகொண்டிருந்த இடத்தில் மட்டும் அது நீலமாகப் பிடிக்கும். ஒரு முறை எனக்குக் காட்டினாள். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய அந்த உயிரின் பிடரியில் ஒரு நீலக்கோடு, கண்ணின் காம்பில் நீலம், காது வரப்போகும் இடங்களில் இரண்டு நீலப் பொட்டு. அது முதலாவது விதானை. இரண்டாவது கொஞ்சம் பிந்தி, கொஞ்சம் வெளிறி, அநேகமாய் அதே இடங்களில் வரும். நான் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். அழகாக இருந்தது என்று சொல்லவும் செய்தேன். அதற்குப் பிறகு பானைகளைப் பற்றி நான் முணுமுணுப்பது பாதியாகக் குறைந்தது.

ஆய்வுகூடத்தில் அவளோடு நின்றவள் ஏறாவூர் ஹஸீனா. சாயம் போடுவது, கழுவுவது, கருவிகளைப் பார்ப்பது எல்லாம் அவள் கை. இருவருக்கும் ஒரே வயது, ஒரே வாய். நாட்டில் சமாதானம் என்று பேர் இருந்த காலத்தில் தொடங்கிய வேலை, அந்தப் பேரும் கிழிந்து, வீதியெல்லாம் மறுபடி சோதனைச்சாவடி முளைத்தபோதும் நடந்துகொண்டிருந்தது. மின்சாரம் போகும். சாயம் பாதியில் நிற்கும். ஹஸீனா சபிப்பாள், சீதேவி சிரிப்பாள். திரும்ப முதலிலிருந்து.

அப்போதுதான் ஏழாம் பானை தொல்லை கொடுத்தது. அந்தப் பானைத் தாயின் ஒரு குலையில் நாலில் ஒரு முட்டைக்கு இரண்டாவது விதானையின் நீலம் பிடிக்கவேயில்லை. வெறும் கண்ணாடி. கைப்பிழை என்று அதே குலையின் வேறு முட்டைகளில் திரும்பச் செய்தார்கள். அதே கதை. மற்றப் பானைகளின் பிள்ளைகளெல்லாம் நீலம், இந்தத் தாயின் பிள்ளைகளில் மட்டும் நாலில் ஒன்று வெறுமை. வெறுமையான பிள்ளைகள் சாகவும் இல்லை. சாயம் போடாமல் விட்ட அவற்றின் கூடப்பிறந்தவை ஒன்றும் குறையாமல் பொரித்து, மற்றவை மாதிரியே நீந்தின.

கொழும்பில் இருந்து அவளுடைய பட்ட ஆராய்ச்சியை மேற்பார்த்த பேராசிரியருக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். அவர் துள்ளிக் குதித்தாராம். இரண்டாவது விதானை பழுதான ஒரு பரம்பரை இயற்கையிலேயே கிடைத்திருந்தால், முதலாவது தனியாக நின்று எவ்வளவு சமாளிக்கும் என்று நேராகவே பார்க்கலாம். ஆனால் நாலில் ஒன்று என்றால் தாயும் தகப்பனும் ஆளுக்கொரு பழுதான பிரதியைக் கொடுத்திருக்க வேண்டும். இரண்டையும் வாங்கிய பிள்ளைக்குத்தான் நீலம் இருக்காது. ஆகவே அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. தாயைத் தெரியும், தகப்பன் யார்?

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம். ஒவ்வொரு குப்பியிலும் தாயின் இலக்கம் இருந்தது, அவளுடைய எத்தனையாவது குலை என்பதும் இருந்தது. தகப்பனைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை.

இந்தப் பிழையை வேறு ஊர்க்காரர் விட்டிருக்கமாட்டார்கள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு, ஆண்தான் கட்டிய இடத்துக்குப் போய் இருப்பான். குடியும் தாய்வழி. புதிதாக ஒருவரைக் கண்டால் என்ன குடி என்று கேட்போம், அவரும் தாயின் குடியைச் சொல்வார். சீதேவியும் யோசிக்காமல் அதே மாதிரி நடத்தியிருக்கிறாள். பெண்மீனுக்கு ஆளுக்கொரு பானை, இலக்கம், மரியாதை. ஆண்மீனை மட்டும் இன்றைக்கு இந்தப் பானை, நாளைக்கு அந்தப் பானை என்று மாப்பிள்ளையாக அனுப்பி, தேவை முடிந்ததும் எல்லாரையும் ஒரே தொட்டியில் ஒன்றாய் விட்டிருக்கிறாள்.

"அல்லாவே, எனக்கும் ஓடல்லியே," என்று ஹஸீனா எங்கள் வீட்டுத் திண்ணைக் குந்தில் இருந்தபடி தலையில் கை வைத்தாள். "எங்கட ஊர்லயும் தாய்ட குடியத்தானே டீச்சர் கேக்கிற. இந்த மீன்ட வாப்பா ஆருண்டு ஒரு நாளும் கேக்கல்ல."

நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். படித்த இரண்டு பெண்கள், ஒரு மீனின் புருஷனைத் தொலைத்துவிட்டு நிற்கிறார்கள். சிரித்துக்கொண்டே தொட்டியடிக்குப் போய் எட்டிப் பார்த்தேன். எட்டு ஆண்மீன், ஒன்றைப் போல் ஒன்று. அதில் ஒன்று தகப்பன். என் சிரிப்பு அதோடு நின்றுவிட்டது.

என் புருஷன் அழகரத்தினம் கரடியனாற்றிலிருந்து ஒரு தகரப்பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தவர். தொண்ணூறாம் ஆண்டு ஒரு இராணுவச் சுற்றிவளைப்பில் ஊர் ஆண்களோடு சேர்த்து அவரையும் கொண்டுபோனார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். விடவில்லை. மகள் மேகலா அப்போது என் வயிற்றில். ஒரே ஒரு கலியாணப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஏறாத வாசல் இல்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் குந்தியிருந்த ஆண்கள் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாய்த் தேடியிருக்கிறேன். எல்லா முகமும் ஒன்றாகவே தெரியும். மேகலாவிடம் தகப்பனைப் பற்றி நான் அதிகம் பேசியதில்லை. பேசத் தொடங்கினால் பாதியில் எழும்பி அடுப்படிக்குப் போய்விடுவேன். படம் சுவரில் இருக்கிறது, வாயை இறுக்க மூடிக்கொண்டு, பிழை பிடிக்கப்பட்ட பிள்ளை மாதிரி.

மேகலாவைப் பற்றியும் சொல்லவேண்டும். அப்போது அவளுக்குப் பதினாறு. நல்ல முகவெட்டு. ஆனால் மேல்வரிசையில் முன்பல்லுக்குப் பக்கத்துப் பல் அவளுக்கு முளைக்கவேயில்லை. பால்பல் விழுந்த இடம் விழுந்த மாதிரியே நின்றது. சிரிக்கும்போது வாயைப் பொத்து மகள் என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தேன். டவுனில் ஒரு பல் வைத்தியரிடம் கட்டுப்பல் வைக்க நாளும் கேட்டிருந்தேன். சீதேவிக்கு அது பிடிக்கவில்லை.

"அது இரிக்கட்டும் அக்கா. அவளுக்கு என்ன குறை?"

"நீ உன்ட மீனப் பாரு," என்று அவள் வாயை அடைத்துவிட்டேன்.

சரி, மீன் கதைக்கு வருகிறேன். தகப்பனைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான் இருந்தது. எட்டு ஆண்களையும் பிரித்து, ஒவ்வொருவராய் ஏழாம் பானைத் தாயோடு விட்டு, ஒவ்வொருவரின் பிள்ளைகளையும் தனித்தனியே எடுத்துச் சாயம் போட்டுப் பார்க்கவேண்டும். யாருடைய பிள்ளைகளில் வெறுமை வருகிறதோ அவன்தான். கண்டுபிடிக்காவிட்டால் சாயம் பிடிக்காமல் போனது என்று ஒரே வார்த்தையில் எவரும் தள்ளிவிடுவார்கள். அவளுடைய பட்டமும், விடியல் விடியலாய்க் குனிந்து திரிந்த இரண்டு வருஷமும் பானைத் தண்ணீரோடு போய்விடும். தாய்மீனோ கிழவியாகிக்கொண்டிருந்தது. முதுகு வளைந்து, குலை சிறுத்துக்கொண்டே வந்தது. அது இருக்கும்வரைதான் நேரம்.

மூன்று ஆண்களின் பிள்ளைகளைக் குப்பியில் எடுத்து முடித்திருந்தாள், சாயம் இன்னும் போடவில்லை. இரண்டாயிரத்து ஏழு மாசி கழிந்த கையோடு படுவான்கரைக்குள் செல் குண்டு விழத் தொடங்கியது. முதலில் தூரத்தில், பிறகு வயல்வட்டைக்குள், பிறகு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால். ஊர் கிளம்பிவிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காணி உறுதி, நகைப்பை, அரிசி, மேகலாவின் பத்திரங்கள் என்று நான் அள்ளிக்கொண்டிருக்கிறேன், இவள் ஹோர்லிக்ஸ் போத்தல் கழுவிக்கொண்டிருக்கிறாள்.

"உனக்கு விசரா கா? உயிர் போகப் போகுது!"

"இதுகளும் உயிர்தானே அக்கா."

மற்றப் பத்துப் பானையையும் வாவியோரத்துக்குச் சுமந்துபோய்க் கவிழ்த்தாள். மேகலாவும் பிடித்தாள், கடைசியில் நானும் பிடித்தேன். மீன்கள் புல்லுக்குள் கலைந்து போயின, ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை. எட்டு ஆண்களும் ஆளுக்கொரு போத்தலில். ஏழாம் பானைத் தாய் பெரிய போத்தலில், ஒதுங்குவதற்குக் கொஞ்சம் வாவிப்புல்லோடு. மூடியில் ஆணியால் துளை. குப்பிகளை ஒரு சோற்றுப் பெட்டிக்குள் வைத்துச் சேலைத்துண்டால் சுற்றினாள்.

துறையில் சனம் நெருக்கியது. எங்கள் பக்கத்தில் மிதவைப் படகுக்குப் பாதை என்று பேர். அன்றைக்கு அந்தப் பாதை தண்ணீருக்குள் முங்குகிற அளவுக்கு ஆள் ஏறியது. சீதேவி மடியில் மூன்று போத்தல், மேகலா மடியில் மூன்று, என் மடியில் மீதி. அரிசிப்பையைக் காலுக்கடியில் போட்டுவிட்டு மீனை மடியில் வைத்திருக்கிறேனே என்று என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. அக்கரைச் சோதனையில் ஒரு சிப்பாய் போத்தலைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே பிடித்தான். மீசை சரியாய் முளைக்காத முகம்.

"மாலு," என்றாள் சீதேவி. மீன் என்பதற்கு அவளுக்குத் தெரிந்த சிங்களச் சொல் அது.

அவன் நகத்தால் போத்தலை ஒரு தட்டுத் தட்டினான். மீன் திரும்பி அவனைப் பார்த்தது. அவன் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். எங்கள் அரிசிப்பையைத்தான் கம்பியால் குத்திக் குத்திப் பார்த்தார்கள்.

வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. ஒரு வகுப்பறைக்குள் ஏழு குடும்பம். நாங்கள் கரும்பலகை மூலையில். போத்தல்கள் ஜன்னல் படியில். பதிய வந்தவர் ஒவ்வொரு குடும்பமாய்க் கேட்டுக்கொண்டு வந்தார். மேகலாவைப் பார்த்து, தகப்பன் எங்கே என்றார். அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். காணாமல் போனவர் என்று நான் சொன்னேன். பதினாறு வருஷமாய் அதே வசனம், அதே குரல்.

அந்த ஜன்னல் படியில் வேலை தொடர்ந்து நடந்தது. நாலாம் ஆண், ஐந்தாம் ஆண் என்று ஒவ்வொருவராய்த் தாயின் போத்தலுக்குள் போனார்கள். "விடிஞ்சா கலியாணம், பொழுதுபட்டா புது மாப்பிள" என்று அறையிலிருந்த பெண்கள் கேலி செய்தார்கள். செல் சத்தத்துக்கு நடுவில் அவர்கள் வாய்விட்டுச் சிரித்தது அந்தப் போத்தலைப் பார்த்துத்தான். நானும் சேர்ந்து சிரித்தேன், மறுக்கவில்லை. ஐந்தாம் ஆண் மட்டும் அடங்காதவன். ஒரு காலையில் மூடியைத் திறந்த நேரம் பார்த்து வெளியே பாய்ந்து, சீமெந்துத் தரையில் துள்ளினான். சீதேவி தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். நான் கையை நனைத்துக்கொண்டு அவனைப் பொத்தி எடுத்தேன். உள்ளங்கைக்குள் துடித்தான்.

"ஓடாதடா," என்றேன். "உன்னத் தேடுறாங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. போத்தலுக்குள் விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

தாய்மீன் ஆறாம் ஆணோடு சில முட்டை இட்டது, ஏழாம் ஆணோடு அதிலும் குறைவு. எட்டாமவனோடு விட்டபோது குலையே இல்லை. மறுநாளும் இல்லை. அதற்கு அடுத்த விடியலில் அது பக்கவாட்டில் மிதந்தது. சீதேவி அழுதாள், நான் அதட்டவில்லை. எட்டாமவனைப் பார்க்க இனி வழியில்லை. தகப்பன் அவன்தான் என்றால் எல்லாம் போச்சு.

ஹஸீனா ஏறாவூரிலிருந்து ஐஸ் போட்ட பெட்டியோடு வந்து குப்பிகளை வாங்கிப் போனாள். சொந்த வீட்டில் சமைத்த சோறும் கொண்டுவந்தாள், மூன்று பேருக்குக் கட்டியது அறைக்கே பங்காயிற்று. சாயம் போட்டு முடித்ததும் ஆள் அனுப்பினாள். என்ன மனசோ, சீதேவி தனியாகப் போகமாட்டேன் என்றாள். நானும் மேகலாவும் கூடப் போனோம்.

நல்ல வெயில் நேரம். ஹஸீனா கண்ணாடித் தட்டுகளை வரிசையாக வைத்திருந்தாள். அவளும் பார்க்கவில்லையாம், சேர்ந்து பார்ப்போம் என்று வைத்திருந்தாளாம். முதலாம் ஆணின் பிள்ளைகள், எல்லாம் நீலம். இரண்டாம், மூன்றாம், நாலாம் ஆண், எல்லாம் நீலம். சீதேவி அடுத்த தட்டை இழுத்து வைத்தாள். ஐந்தாவதைக் குனிந்து பார்த்தவள் நிமிரவேயில்லை. ஒரு ஊசியால் ஒவ்வொன்றாய் ஒதுக்கி எண்ணினாள். இருபத்துமூன்றில் ஆறு வெறுமை.

ஆறையும் ஏழையும் பார்க்காமல் விடமாட்டாள், அவள் குணம் அது. இரண்டும் நீலம். அதன் பிறகுதான் கதிரையைத் தள்ளிவிட்டு அப்படியே தரையில் இருந்தாள்.

"அக்கா, தகப்பனக் கண்டுபிடிச்சிட்டன்."

ஹஸீனா அவளைக் கட்டிப்பிடித்துக் கூச்சலிட்டாள். அந்தச் சொல்லை யாராவது ஒருவர், ஏதாவது ஒரு வாசலில், என் முகத்தைப் பார்த்துச் சொல்லமாட்டாரா என்று பதினாறு வருஷமாய்க் காத்திருந்தவள் நான். கடைசியில் என் தங்கையின் வாயால், ஒரு மீனுக்காகக் கேட்டேன். நான் அழவில்லை என்று எழுதினால் அது பொய்.

மேகலா அதற்குள் உருப்பெருக்கிக் காட்டும் கண்ணாடியில் கண்ணை வைத்திருந்தாள்.

"சின்னம்மா, இந்தப் பிள்ளைகளிட்ட நீலம் இல்லாததுதான் அடையாளமா?"

"ஓம் மகள். தகப்பனும் தாயும் குடுத்ததுதான் அந்த இல்லாமை. அத வெச்சித்தான் அவனக் கண்டுபிடிச்ச."

"நீலம் இல்லாம எப்பிடி உயிரோட இரிக்கு?"

"முதலாவது விதானை இரிக்காரே. ரெண்டு பேர்ட வேலையயும் அவர் ஒராளா நிண்டு பாத்திரிக்கார்."

சொல்லிவிட்டு சீதேவி என்னைப் பார்த்தாள். நான் சேலைத் தலைப்பால் மூக்கைச் சிந்தினேன். மேகலா விடவில்லை.

"இந்தக் குடி மனிசரிலயும் இரிக்கெண்டு சொன்னீங்களே. நமக்கு என்ன செய்ற?"

"கண்ணுக்கு ஒராள். காதுக்கும் சிறுநீரகத்துக்கும் ஒராள். மறுகா, பல்லுக்கு..."

அவள் நிறுத்திவிட்டாள். சீதேவி அழகரத்தினத்தை அறிந்தவள். அவர் வந்தபோது அவளுக்குப் பதினைந்து வயது, அத்தான் அத்தான் என்று பின்னாலேயே திரிந்தவள். எனக்காகத்தான் இத்தனை காலம் வாய் திறக்காமல் இருந்தாள். மேகலாவின் கை தானாகவே வாய்க்குப் போனது.

"அப்ப எனக்கு இந்தப் பல்லு இல்லாதது?"

"பாக்காமச் சொல்லக் கூடா மகள்," என்றாள் சீதேவி, தரையைப் பார்த்துக்கொண்டு. "அந்தக் குடிதானெண்டு சொல்ல ஏலா. வேற காரணமும் இரிக்கலாம்."

"குடிய விடு," என்றேன் நான். என் குரல் எனக்கே புதிதாய் இருந்தது. "ஆர்ட எண்டு எனக்குத் தெரியும். அது உங்கட அப்பாட, மகள். அவருக்கும் அந்தப் பல்லு முளைக்கல்ல. அதே பக்கம், அதே இடம். வெக்கத்திலதான் படத்தில வாய மூடிக்கிட்டு நிக்கார். என்னோட இரிக்கக்குள்ள மட்டும் வாயத் திறந்து சிரிப்பார்."

மேகலா நாக்கு நுனியால் அந்த இடத்தை மெதுவாகத் தொட்டுப் பார்த்தாள். நான் தேடித் திரிந்த முகத்தில் ஒரு துண்டு அவள் பிறந்த நாளிலிருந்து என் முன்னாலேயே வளர்ந்திருக்கிறது. அது சிரித்துச் சிரித்து என்னைப் பார்த்ததும் உண்டு. பார்க்கத் தாங்காமல்தான் பொத்து பொத்து என்று சொல்லியிருக்கிறேன்.

ஐந்தாமவன் அதன் பிறகு நெடுநாள் இருந்தான். ஊருக்குத் திரும்பி வந்தபோது பானைகளில் பாதி உடைந்திருந்தது. இருந்த பானைகளில் நல்லதாய்ப் பார்த்து அவனுக்கு ஒன்று கொடுத்தாள், எங்கள் வழக்கத்தில் இல்லாத வழக்கமாய். அவனுடைய மகள்மார் பேத்திமார் வழியாக சீதேவி தன் பட்டத்தையும் வாங்கினாள். இப்போது அவளுடைய குப்பிகளில் இரண்டு பேர் எழுதியிருக்கும், தாய் முதலில், தகப்பன் அடுத்தது. பிறகு மேற்படிப்புக்கு வெளிநாட்டுக்கு வா என்று கூப்பிட்டார்கள், போய்விட்டு வந்துவிட்டாள். அங்கே மீன் நிற்கிற கண்ணாடித் தொட்டிகள் சுவர் முழுக்க இருந்ததாம், ஒன்றிலும் வாவிப்புல் மணம் இல்லையாம். இன்னும் விடியுமுன் எழும்பிப் பாவாடையைத் தூக்கிச் செருகுகிறாள், இன்னும் நான் திட்டுகிறேன்.

பல் வைத்தியரிடம் நாங்கள் போகவில்லை. முகாமில் இருக்கும்போதே அடையாள அட்டைக்குப் படம் எடுக்க மேகலாவை டவுனுக்குக் கூட்டிப்போனேன். அந்தக் காலத்தில் அட்டை இல்லாமல் ஒரு சந்தியைக் கடக்க முடியாது. படக்காரர் அவளைக் கதிரையில் இருத்தி, நாடியைப் பிடித்து நிமிர்த்தி, வாயை மூடுங்க தங்கச்சி என்றார். மேகலா மூடவில்லை. அவர் இன்னொரு தரம் சொன்னார். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள், அவளுடைய அப்பா என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரியே.

"அப்பிடியே எடுங்க தம்பி," என்றேன். "ரெண்டு படம் எடுங்க. ஒண்டு எனக்கு."